மஞ்சளாகத் தெரிந்த இலைகள்

காலிம்போங்
28 செப்டம்பர் 1993

அன்புள்ள ஹர்க்கமாயா அக்காவுக்கு,

தம்பி பதம் தலை தாழ்த்தி வணங்கி எழுதுவது. நான் சுகம். டேராடூன் தண்ணீர் உனக்கு ஒத்துக்கொண்டதா? உன் பெண் சிர்ஜனா படுத்தே இருக்கிறாளா, இல்லை சின்ன வயசு மாதிரி எழுந்து ஓடுகிறாளா? பிரசவம் ஆகும்வரை கட்டிலை விட்டு இறங்கினால் மாமா ஜீப்பைப் போட்டுக்கொண்டு அங்கேயே வந்துவிடுவான் என்று சொல்லு.

மழை ஒருவழியாக ஓய்ந்தது. ஆள் ஏற்றிக்கொண்டு சிலிகுரிக்குத் தினம் ஒரு நடை அடிக்கிறேன். முன்பு இரண்டு அடிப்பேன். இப்போது பொழுது சாய்வதற்குள் வீடு திரும்பிவிடுகிறேன். வயசாகிறதல்லவா.

நீ ஒப்படைத்துவிட்டுப் போன முன்னூறு தொட்டிகளும் உயிரோடு இருக்கின்றன. ஆனால் பத்து நாளாகக் கல்ரோஜாக்கள் எனக்குச் சரியாகப் படவில்லை. சதைப்பற்றான அந்த இலைகள் எல்லாம் மஞ்சளாகத் தெரிகின்றன. வரிக்குதிரைச் செடிகூட. நீ எழுதிக் கொடுத்த தாளில் மஞ்சளைப் பற்றி என்னவோ இருந்தது, தாளை எங்கேயோ வைத்துவிட்டேன். என்ன செய்வது என்று உடனே எழுது. உன் செடிகளைக் கொன்ற பாவம் எனக்கு வேண்டாம்.

வேறு விசேஷம் இல்லை. இந்த வருஷம் வெயிலே கொஞ்சம் மங்கல்தான்.

உன் தம்பி
பதம்


டேராடூன்
8 அக்டோபர் 1993

பிரியமுள்ள தம்பிக்கு,

அக்காவின் ஆசி. உன் கடிதம் ஒன்பதாம் நாள் கிடைத்தது. சிர்ஜனாவுக்கு ரத்த அழுத்தம் ஏறி இறங்குகிறது. நான் குளிக்கப் போனால்கூட கதவைத் திறந்து வைத்துக்கொண்டுதான் குளிக்கிறேன். மாப்பிள்ளைக்குப் பட்டாளத்தில் லீவு இல்லை. எனவே நான் இப்போது அசைய முடியாது.

"மஞ்சள்" என்று ஒரே வார்த்தையில் எழுதினால் நான் என்னடா செய்வேன்? கீழ் இலையா, மேல் இலையா? தொட்டால் கொழகொழ என்று இருக்கிறதா? ஊறின திராட்சை மாதிரி உள்ளே தெரிகிறதா? அப்படியானால் தண்ணீர் அதிகம், வேர் அழுகுகிறது. மழைக்கு அப்புறம் இது வருகிறதுதான். இன்றே தண்ணீரை நிறுத்து. மண் அடிவரை காயட்டும்.

இலை நுனி சிவந்தால் மட்டும் பயப்படாதே. வெயில் கொஞ்சம் உறைத்தால் அது அப்படித்தான் சிவக்கும், உடம்புக்கு ஒன்றுமில்லை. அந்தச் சிவப்புக்காகத்தான் சுற்றுலா வருகிறவர்கள் வாங்கிப்போகிறார்கள். எங்கே எந்த நிறம் என்று ஒவ்வொன்றாக எழுது.

உன் கையெழுத்து ஏன் கடைப் பலகை மாதிரி இவ்வளவு பெரிதாகிவிட்டது? ஒரு பக்கத்தில் எட்டு வரிதான் இருக்கிறது. தபால்காரன் சிரித்திருப்பான்.

சாப்பாட்டை நேரத்துக்குச் சாப்பிடு.

அக்கா


காலிம்போங்
22 அக்டோபர் 1993

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். தஷைன் வந்துவிட்டது. நீ இல்லாமல் வீட்டில் பண்டிகையே இல்லை. கீழ் வீட்டுத் தையல்காரி நிம்கித் ஒரு தட்டு இறைச்சி கொண்டுவந்து கொடுத்தாள். சிர்ஜனாவுக்கு எப்படி இருக்கிறது என்று அவளும் கேட்டாள்.

நீ சொன்னபடி தண்ணீரை நிறுத்தினேன். ஆனால் இப்போது இலைகள் சுருங்கிவிட்டன. கொழகொழப்பு எங்கேயும் இல்லை. தடவினால் மேல் பக்கம் ஆறின புண்ணின் பொருக்கு மாதிரி சொரசொர என்று இருக்கிறது. பொருக்கு எல்லாம் பள்ளத்தாக்கைப் பார்த்த பக்கத்தில். மலைப் பக்கத்து இலைகள் வழவழ என்று இருக்கின்றன.

நிறம் கேட்டிருந்தாய். மஞ்சள்தான். உன் நீலக் கல்ரோஜாகூட மஞ்சள்தான். வேறு நிறமே இல்லை.

பனி சீக்கிரமே இறங்கிவிட்டது போலிருக்கிறது. பஜாரில் விளக்கைச் சுற்றி நிலாவுக்குப் போல வளையம் தெரிகிறது.

பயப்படாதே. ஒரு வழி சொல்லு.

பதம்


டேராடூன்
31 அக்டோபர் 1993

தம்பிக்கு,

ஆசி. சிர்ஜனாவுக்குக் கால் வீங்கியிருக்கிறது. மருந்து மாற்றியிருக்கிறார்கள். இந்தக் கவலையோடு உன் கடிதமும் சேர்ந்துகொண்டது. நான்கு தடவை படித்தேன்.

நான் சொன்ன வைத்தியம் தப்பு என்று நினைக்கிறேன். அழுகல் கீழிருந்து வரும், மெத்தென்று இருக்கும். பொருக்கு, அதுவும் வெயில் படுகிற பக்கத்தில் மட்டும் என்றால், அது வெந்த புண். மழை மாதம் முழுவதும் மேகத்துக்கடியில் இளகிக் கிடந்த செடி திடீரென்று முழு வெயிலைப் பார்த்தால் இப்படித்தான் பொசுங்கும். ஆனால் கொட்டகைமேல் பச்சை வலை இருக்கிறதே! அது கிழிந்துவிட்டதா? காற்றில் பறந்துவிட்டதா? அதைப் பற்றி நீ ஒரு வார்த்தைகூட எழுதவில்லை. தண்ணீரை உடனே ஊற்று, காலையில், வேரில் மட்டும்.

இன்னொன்று. வெந்த இலை முதலில் வெளுக்கும், பிறகு பழுப்பாகும். மஞ்சள் ஆகாது. நீலக் கல்ரோஜா மஞ்சளானதை இருபது வருஷத்தில் நான் பார்த்ததில்லை. "தடவினால், தடவினால்" என்றே எழுதுகிறாய். நான் நீ பார்த்ததைக் கேட்டேன்.

பாய் டீகா பண்டிகைக்கு என் கையால் உன் நெற்றியில் பொட்டு வைக்க முடியாது. ஏழு நிறப் பொடியும் ஏழு பொட்டலமாகக் கட்டி இதோடு வைத்திருக்கிறேன். கண்ணாடி முன் நின்று நீயே வைத்துக்கொள். வைக்கும்போது என்னை நினைத்துக்கொள்.

அக்கா


காலிம்போங்
17 நவம்பர் 1993

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். பொடி கிடைத்தது. நேற்று முன்தினம் கண்ணாடி முன் நின்று வரிசையாக ஏழு பொட்டும் வைத்துக்கொண்டேன். நிம்கித் செல் ரொட்டி கொண்டுவந்தவள் என்னைப் பார்த்துவிட்டு வாசலிலேயே நின்று சிரித்தாள். "என்னண்ணா இது, ரெண்டு பச்சை, நாலு செவப்பு, மூக்கு மேல ஒரு வெள்ளை! அக்கா பாத்தா அடிப்பாங்க!" என்றாள். நீ பொட்டலத்தின்மேல் பெயர் எழுதியிருக்க வேண்டும். நானும் சிரித்தேன்.

வலையைப் பற்றிக் கேட்டாய். கோபிக்காதே. அதை நான்தான் கழற்றினேன், செப்டம்பரில், நீ போன வாரமே. கொட்டகைக்குள் ஒரே இருட்டாக இருந்தது. பட்டப்பகலில் தொட்டி தெரியாமல் இரண்டு தடவை காலால் இடித்துவிட்டேன். இவ்வளவு இருட்டில் செடி எப்படி வளரும், பாவம், வெளிச்சம் வரட்டும் என்றுதான் கழற்றினேன். நல்லது என்று நினைத்துச் செய்தேன்.

சிர்ஜனாவின் கால் வீக்கம் வடிந்ததா?

பதம்


டேராடூன்
27 நவம்பர் 1993

அன்புள்ள நிம்கித்,

நலமா? உன் தையல் மெஷின் ஓடுகிறதா? உனக்கு நான் கடிதம் எழுதுவது இதுதான் முதல் தடவை. இதைப் பதமிடம் காட்டாதே.

என் செடிகளைப் போய்ப் பார். துணியின் நிறம் பார்த்துப் பழகின கண் உன்னுடையது. உன் நூல்கண்டுகளை எடுத்துக்கொண்டு போ. வெந்த இலையின்மேல் நூலை வைத்துப் பார்த்து, எது ஒத்துப்போகிறதோ அதில் ஒரு துண்டு வெட்டி இந்த முகவரிக்கு அனுப்பு. நீலக் கல்ரோஜாவுக்குத் தனியாக ஒரு துண்டு.

பிறகு பச்சை வலையை நீயே நின்று கட்டச் சொல்லு. தொட்டிகளை இருட்டு அறைக்குள் கொண்டுபோக வேண்டாம், வலைக்கடியிலேயே இருக்கட்டும். வெந்த இலைகளைப் பார்க்கச் சகிக்காது, கிள்ளத் தோன்றும். கிள்ளாதே. அடியில் இருக்கிற நல்ல இலைக்கு இப்போது அதுதான் குடை. இலைமேல் தண்ணீர் படக் கூடாது. இரண்டு மாதம் கழித்து வாரத்துக்குக் கொஞ்சமாகக் காலை வெயில் காட்டினால் போதும்.

அப்புறம், இதுதான் முக்கியம். பதம் டீ ஊற்றும்போது பக்கத்தில் நின்று பார். ஜீப்பையும் பார். பார்த்ததை அப்படியே எழுது. எனக்காகக் குறைத்து எழுதாதே.

உன் அக்கா
ஹர்க்கமாயா


காலிம்போங்
8 டிசம்பர் 1993

அக்காவுக்கு நிம்கித் எழுதறது.

இங்க நாங்க சௌக்கியம். சிர்ஜனாவுக்கு ஒண்ணும் ஆகக் கூடாதுன்னு கும்பாவுல, அதான் எங்க புத்தர் கோயில்ல, விளக்கு போட்டேன். எனக்குப் பேசற மாதிரிதான் எழுத வரும், மன்னிச்சுக்கோங்க.

நூல் உள்ள இருக்கு. வெள்ளை நூல் மேல் இலைக்கு. வைக்கோல் நிறமும் பழுப்பும் காஞ்ச தழும்புக்கு. மங்கின செவப்பு, ஓரத்துக்கு. சாம்பல் நீலம் உங்க நீலக் கல்ரோஜாவுக்கு. அது நீலமாத்தான் இருக்கு அக்கா. மஞ்சள் நூலுக்கு வேலையே வரல.

நாப்பது தொட்டி போச்சு. மிச்சம் பொழைக்கும்னு தோணுது. வலையை நானும் என் வீட்டுக்காரரும் கட்டிட்டோம்.

நான் சும்மா விளையாட்டா நீல நூலையும் பச்சை நூலையும் காட்டி, "அண்ணா, இதுல எது என் ரவிக்கைக்கு எடுக்கும்?" னு கேட்டேன். "ரெண்டும் ஒரே நூல்தானே, என்னை என்ன கிறுக்கன்னு நெனச்சியா?" ன்னார். டீ ஊத்தினார். பாதி கப்புக்குள்ள, பாதி மேஜையில. விரலை கப்புக்குள்ள விட்டு எவ்வளவு நெறஞ்சிருக்குன்னு பாக்கறார்.

ஜீப்போட இடது பக்கக் கண்ணாடி இல்ல. இடது பக்கம் முழுக்கக் கீறல். "யாரோ சந்தையில இடிச்சிட்டான்" ங்கறார். ஆனா தினம் காலைல பத்துப் பேர ஏத்திட்டுத்தான் போறார். சொல்லக் கூடாதுன்னு இருந்தேன். நீங்க கேட்டீங்க, சொல்லிட்டேன். என் அண்ணனே ஒரு தடவை அந்த ஜீப்புல போயிட்டு வந்து, "இனிமே நடந்தே போவேன்" ன்னான்.

நிம்கித்


தந்தி, டேராடூன், 16 டிசம்பர்: ஜீப்பை எடுக்காதே. கண்ணைக் காட்டு. அக்கா.


டேராடூன்
16 டிசம்பர் 1993

என் தம்பிக்கு,

தந்தி கிடைத்திருக்கும். இது அதன் பின்னால் வருகிறது.

நிம்கித்தைத் திட்டாதே, நான்தான் கேட்டேன். பதம், செடிக்கு மஞ்சள் காமாலை இல்லை. மஞ்சள் உன் கண்ணில் இருக்கிறது. கொட்டகையும் இருட்டாக இல்லை. முன்பே எனக்குப் புரிந்திருக்க வேண்டும். நான் உன்னிடம் இலையைப் பற்றியே கேட்டுக்கொண்டிருந்தேன், உன்னைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அப்பாவை மறந்துவிட்டாயா? நாலு மணிக்கே விளக்கு ஏற்றச் சொல்வார். ஏனப்பா என்றால் "பனி" என்பார். மூன்று வருஷம் பனி, பனி என்றே சொல்லிவிட்டு, கடைசியில் சுவரைத் தடவிக்கொண்டு நடந்தார். டாக்டரிடம் போனபோது, முதலிலேயே வந்திருந்தால் என்றார்கள்.

உன் ஜீப்பில் பத்துப் பேர் உட்காருகிறார்கள். ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் தீஸ்தா ஆறு. ஏறுகிறவர்கள் யாருக்கும் உன்னைப் பற்றி ஒன்றும் தெரியாது, கூலியைக் கொடுத்துவிட்டுத் தூங்குகிறார்கள். சிர்ஜனாவுக்கு நாள் நெருங்கிவிட்டது. இவளை விட்டுவிட்டு வரவும் முடியவில்லை, உன்னை விட்டுவிட்டு இருக்கவும் முடியவில்லை. சாவியை நிம்கித்திடம் கொடு. காலைப் பிடித்துக் கேட்கிறேன்.

அக்கா


காலிம்போங்
24 டிசம்பர் 1993

அக்காவுக்கு,

தந்தியைத் தபால் ஆபீஸ் முழுவதும் படித்துவிட்டார்கள். ஜீப் ஸ்டாண்டில் என்னைக் குருடன் என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். சந்தோஷமா?

இருபத்தாறு வருஷம் இந்த ரோட்டில் ஓட்டுகிறேன். கண்ணை மூடிக்கொண்டும் ஓட்டுவேன். ஜீப் இல்லாவிட்டால் நான் யார்? உன் கொட்டகையில் தண்ணீர் ஊற்றுகிற தோட்டக்காரனா? நீ இலைக்கு வைத்தியம் பார். என் கண்ணை நான் பார்த்துக்கொள்கிறேன்.

சிர்ஜனாவுக்கு என் ஆசி.

பதம்


டேராடூன்
13 ஜனவரி 1994

பதம்,

ஆறாம் தேதி சிர்ஜனாவுக்குப் பெண் குழந்தை. எடை குறைவு, ஆனால் நன்றாக அழுகிறது. தாயும் பிழைத்தாள். இந்தச் செய்தியைத் தந்தியில் கொடுத்தேன், பதில் இல்லை. அதற்கு முன் இரண்டு கடிதம் போட்டேன், பதில் இல்லை. நிம்கித்தும் எழுதவில்லை.

ரேடியோவில் மலைப் பாதை என்று ஆரம்பித்தாலே அணைத்துவிடுகிறேன். "ஏம்மா அணைக்கிறே?" என்று சிர்ஜனா கேட்கிறாள். பால் காய்ச்ச வேண்டும் என்கிறேன்.

என்மேல் கோபம் என்றால் கோபம் என்றாவது எழுது. வெறும் தாளை மடித்து அனுப்பினாலும் போதும்.

அக்கா


காலிம்போங்
22 ஜனவரி 1994

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். நான் சொல்லச் சொல்ல நிம்கித் எழுதுகிறாள். பேசுவதைத் திருத்தி எழுது என்று சொல்லியிருக்கிறேன். குழந்தைக்கும் சிர்ஜனாவுக்கும் என் கோடி ஆசி. உயிரோடு இருக்கிறேன். யாரும் சாகவில்லை. முதலில் அதை எழுதச் சொன்னேன்.

உனக்குத் திமிராக எழுதிவிட்டு, பத்து நாள் ஓட்டினேன். ஜனவரி மூன்றாம் தேதி காலை, காளிஜோரா தாண்டி வளைவு. வெயில் எதிரே அடித்தது. இடது பக்கத்தில் ஏதோ உரசியது. மரக்கிளை என்று நினைத்தேன். பின்னால் இருந்தவர்கள் கத்தினார்கள். நிறுத்தி இறங்கினேன். ஒரு பெண் ரோட்டோரம் கிடந்தாள். முதுகில் சுமந்து வந்த விறகுக்கூடை சக்கரத்துக்கடியில் நசுங்கிக் கிடந்தது. கூடையைத் தாங்குகிற நெற்றிப் பட்டை அறுந்ததால்தான் அவள் தப்பித்தாள். இல்லாவிட்டால் கூடையோடு அவளும் போயிருப்பாள். தோள் எலும்பு பிசகிவிட்டது.

அவள் என்னைத் திட்டவில்லை. "அண்ணே, நான் உன்ன தூரத்துலயே பாத்தேனே. நீயும் என்னப் பாத்தன்னு நெனச்சுத்தானே நடந்தேன்" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

அவளையும் ஏற்றிக்கொண்டு சேவக் வரை ஓட்டினது ஒரு பயணி. நான் பின்னால் உட்கார்ந்து வந்தேன். இருபத்தாறு வருஷத்தில் முதல் தடவை. சாவியை அன்றே கொடுத்துவிட்டேன். உனக்கு எப்படி எழுதுவது என்று தெரியாமல் வாயை மூடிக்கொண்டு கிடந்தேன். நிம்கித்தையும் எழுதவிடவில்லை.

சிலிகுரியில் கண் டாக்டரைப் பார்த்தேன். இடது கண் போய்விட்டது அக்கா. உள்ளே அழுத்தம் ஏறி நரம்பைத் தின்றுவிட்டதாம். திரும்பி வராது. வலது கண்ணில் பழுத்த திரை, அதனால்தான் மஞ்சள். அதை எடுத்துவிடலாம் என்கிறார். பிப்ரவரி மூன்றாம் தேதி ஆபரேஷன். "கூடப் பிறந்தவங்க யாராவது இருக்காங்களா?" என்று கேட்டார். அக்கா இருக்கிறாள் என்றேன். "இந்த அழுத்தம் குடும்பத்துல வர்றது. அவங்களையும் உடனே காட்டச் சொல்லுங்க" என்றார்.

நீ எனக்கு எழுதின மாதிரியே நானும் எழுதுகிறேன். காலைப் பிடித்துக் கேட்கிறேன். கண்ணைக் காட்டு.

பதம்
(எழுதியது நிம்கித். அண்ணன் நெஜமாவே அழுதார்.)


காலிம்போங்
5 மார்ச் 1994

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். இது என் கையால் எழுதுவது. ஒரு பக்கத்தில் பத்தொன்பது வரி, எண்ணிக்கொள். உனக்கும் அழுத்தம் ஆரம்பித்திருக்கிறது, ஆனால் சொட்டு மருந்திலேயே நிற்கும் என்று எழுதியிருந்தாய். அதைப் படித்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. ஒரு வேளைகூடச் சொட்டை விடாதே. குழந்தை உன் முகம் பார்த்துச் சிரிக்கிறதா?

கட்டுப் பிரித்த அன்று ஆஸ்பத்திரிச் சுவர் அவ்வளவு வெள்ளையாக இருந்தது. நர்ஸ் சேலையின் நீலக் கரையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அவள் சங்கடப்பட்டுப் போய்விட்டாள்.

செடிகளைப் பார்த்தேன். நீ வரும்போது அதிர்ச்சி ஆகக் கூடாது என்பதற்காக உள்ளதைச் சொல்கிறேன். ஐம்பத்திரண்டு தொட்டி செத்துவிட்டன. நூறுக்குமேல் தழும்பு. அது மாறாது, புதிதாக வருகிற இலைதான் சுத்தமாக இருக்கும். நடுக்குருத்து பெரும்பாலும் நன்றாக இருக்கிறது. இப்போது காலையில் ஒரு மணி நேரம் வலையைச் சுருட்டி வைக்கிறேன், நுனி சிவக்க ஆரம்பித்திருக்கிறது. அந்தச் சிவப்பை நானே பார்த்தேன், நிம்கித்திடம் கேட்கவில்லை.

ஜீப்பை விற்றுவிட்டேன். ஒரு கண்ணோடு ஓட்டலாம் என்று ஸ்டாண்டில் இரண்டு பேர் சொன்னார்கள். நான் வேண்டாம் என்றேன்.

நேற்று பஸ் பிடித்துக் காளிஜோராவுக்குப் போனேன். விசாரித்து விசாரித்து அந்தப் பெண் வீட்டைக் கண்டுபிடித்தேன். பெயர் ஃபூல்மதி. தோளில் இன்னும் கட்டு இருக்கிறது, அந்தக் கையால் சுமை தூக்க இன்னும் இரண்டு மாதம் ஆகுமாம். புதுக் கூடை ஒன்று வாங்கிக்கொண்டு போயிருந்தேன். அதை வாசலில் வைத்துவிட்டு, தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். மாமியார்க்காரி உள்ளேயிருந்து, "இந்தக் கூடைய வச்சுக்கிட்டு ஒத்தக் கையால என்ன செய்வா?" என்று கத்தினாள். நியாயம்தானே. விறகுக்கு வாரம் ஒருதரம் நானே வந்து வெட்டிப் போடுகிறேன் என்றேன்.

ஃபூல்மதி கேட்டாள். "இப்ப கண்ணு தெரியுதா அண்ணே?"

"ஒண்ணு தெரியுது" என்றேன்.

"அப்ப தலையத் தூக்கு. தரையவே பாத்துக்கிட்டு நிக்கறியே. என் மூஞ்சிய ஒழுங்காப் பாரு."

பார்த்தேன் அக்கா. முப்பது வயசு இருக்கும். மூக்கில் சிவப்புக் கல். இடது கன்னத்தில் ரோட்டில் உராய்ந்த தழும்பு, இன்னும் இளஞ்சிவப்பாக. கண்ணை எடுக்காமல் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நானும் எடுக்கவில்லை.

உன் தம்பி
பதம்